பதிவுக்கு முன் காய்ச்சிய பால்

எங்கள் அம்மா உட்கார்ந்துதான் தூங்குவாள். படுத்தால் மூச்சு அடைக்கும். முன் ஹாலில் பெரிய கை நாற்காலி ஒன்று கிடந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. அதில் முதுகுக்கு இரண்டு தலையணை, மடியில் ஒரு தலையணை. மடியில் இருப்பதன் மேல் கவிழ்ந்துகொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விடிகிறவரை இழுத்துக்கொண்டிருப்பாள். அந்த இழுப்பு அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். கேட்டால் எரிச்சலாக வரும். கேட்காவிட்டால் பயம் வந்துவிடும், எழுந்து போய்ப் பார்ப்பேன்.

ஊரெல்லாம் உடம்பு தேற்றிக்கொள்ளக் கொடைக்கானலுக்கு வருகிறது. சித்திரை பிறந்துவிட்டால் ஏரியைச் சுற்றி மதுரைக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, என்ன காற்று, என்ன காற்று என்று மூக்கை விரித்துக்கொண்டு நடப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காற்றுதான் எங்கள் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இந்த அம்மாவைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், இன்னொரு மழையும் பனியும் இங்கே தாங்காது.

கீழே என்றால் எங்களுக்குக் கன்னிவாடி. அங்கே அப்பாவின் தங்கை, என் அத்தை, வாழ்க்கைப்பட்டிருந்தாள். டாக்டர் சொன்ன கையோடு, நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்து லீவில் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். மலைப்பாதை இறங்கி முடிக்கிறவரை அம்மா பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டுதான் வந்தாள். அன்று ராத்திரி அத்தை வீட்டு முற்றத்தை ஒட்டிப் பாய் விரித்தோம். அம்மா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலையில் நான் கண் விழித்துப் பார்க்கிறேன், அம்மா பாயில் நீட்டிப் படுத்திருக்கிறாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பதறிப்போய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தாள். எழுந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு, "நீட்டிப் படுத்துட்டேம் புள்ள" என்றாள், ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டவள் மாதிரி.

அன்றைக்கே அப்பா முடிவு பண்ணிவிட்டார். அத்தை வீட்டுத் தெருவிலேயே இரண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக ஒரு வீடு விலைக்கு இருந்தது. சிமெண்டுத் தரை. அம்மா உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நின்று பார்த்தாள். வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பங்குனி முடிகிற மட்டும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாய் வார்த்தையாகவே சொன்னார். மலை வீட்டை விற்றால் இந்த வீடு. விற்காவிட்டால் இல்லை. எங்கள் கதை முழுக்க இவ்வளவுதான்.

மலை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது, உள்ளதையெல்லாம் சுரண்டிப் போட்டு அதை வாங்கினார். கல் சுவர், தகரக் கூரை, உள்ளே முழுக்கப் பலகைத் தரை. ஈரம் ஏறாமல் இருக்கத் தரைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். காற்றுப் போக வெளிச்சுவரில் அங்கங்கே ஓட்டை. மலையில் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? எங்கள் பக்கத்தில் பலகை வீடு உள்ள எல்லோரும் தரைக்கு அடியில்தான் விறகு அடுக்குவோம். கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் விறகும் சவுக்கும் அங்கே கிடந்தால் ஒரு வருஷமானாலும் முறுமுறுவென்று இருக்கும். சமையலறை மட்டும் தனியாகப் பின்னால், கல் தளம் போட்டு.

வீட்டை வாங்க வந்தவர் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல குணம். வரும்போதெல்லாம் அம்மாவுக்கு மல்லிகைப் பூ கொண்டுவருவார். மலை ஏறுவதற்குள் பாதி வதங்கியிருக்கும், ஆனாலும் கொண்டுவருவார். அவருடைய மனைவிக்கு அந்த வீட்டின் மேல் உயிர். பேரிக்காய் மரத்தைத் தொட்டுப் பார்ப்பாள், ஜன்னலைத் திறந்து திறந்து மூடுவாள். பேசி முடித்து, ஒப்பந்தம் எழுதி, அட்வான்சும் கைமாறியாகிவிட்டது. வில்லங்கச் சான்று வர வேண்டியிருந்ததால் பத்திரப் பதிவை மாசியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

இங்கேதான் வந்தது வினை. தை முடியப் பத்து நாளோ என்னவோ இருக்கும்போது அவர் மறுபடியும் வந்தார். மாசியிலும் பங்குனியிலும் அவர்கள் குடும்பத்தில் பால் காய்ச்சமாட்டார்களாம். சித்திரையில் சீசனுக்கு வந்து தங்க வேண்டும், அதனால் தையிலேயே ஒரு நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டுப் போய்விடுகிறோம், பதிவு பின்னால் நடக்கட்டும் என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. புது வீட்டுக்குப் போனால் நாங்களும் ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சுகிறவர்கள்தானே, இதில் என்ன இருக்கிறது என்றார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சீக்கிரம் காய்ச்சுங்கள், சீக்கிரம் எங்களைக் கீழே இறக்குங்கள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

ஜவுளிக்கடைக்காரர் மனைவி பால் காய்ச்சுவதற்கு முதல் நாளே வந்து சமையலறையைப் பார்த்தாள். திசை சரியில்லை, அக்கினி மூலையில்தான் முதல் அடுப்பு மூட்ட வேண்டும் என்றாள். அக்கினி மூலை எது என்று பார்த்தால், முன் ஹாலில் அம்மாவின் நாற்காலி போட்டிருக்கும் இடம். அப்பா நாற்காலியை நகர்த்தினார். கோழிக் கூண்டின் மேல் கிடந்த தகரத்தை எடுத்துக் கழுவி விரித்து அதன்மேல் மூன்று செங்கல்லை வைத்தார்.

இதை எத்தனை வருஷமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மதுரைக்காரர்களுக்குத் தரை என்றால் தரை. கீழே மண்தான் இருக்கும் என்று நினைப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரியும். பனிக்காலத்தில் கணப்புச் சட்டியைக்கூட அந்த ஹாலுக்குள் கொண்டுபோகமாட்டோம். தெரிந்தும் அப்பா வாயைத் திறக்கவில்லை. வீடு கொடுக்கிறவன் வீடு வாங்குகிறவனுடைய முதல் அடுப்பைப் பற்றி அபசகுனமாக ஒன்று சொல்லலாமா என்கிற மரியாதை. மரியாதையாம் மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட.

காலையில் பால் காய்ச்சினார்கள். பலகைமேல் மாக்கோலம் போட்டு, கற்பூரம் கொளுத்தி, சாம்பிராணி போட்டு, பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி. அந்த அம்மாள் புதுப் பட்டுச் சேலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதி ஊதி எரித்தாள். பால் கிழக்குப் பார்த்துப் பொங்கி வழிந்தது. அவளுக்குக் கண்ணெல்லாம் ஈரம். முதல் தம்ளர் பாலை எங்கள் அம்மாவிடம்தான் கொடுத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்தபோது செங்கல்லுக்கு நடுவில் கங்கு கனிந்து கிடந்தது. அம்மா பின்னால் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த நாலு எட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. குனிந்து ஊற்றப் போனாள். அந்த அம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஊத்திராதீங்கக்கா. மொத அடுப்பு. அதுவா அணையணும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாலேயே, விடு என்றார். அம்மா சாய்த்த செம்பை நிமிர்த்திக்கொண்டாள். பிறகு அதைக் கொண்டுபோய் வாசலில் இருந்த ரோஜாச் செடிக்கு ஊற்றினாள்.

அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் உட்காரவில்லை, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அப்படியே மதுரை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். அப்பா போய் அடுப்பைப் பார்த்தார். சாம்பல் பூத்துவிட்டது, அணைந்த மாதிரிதான் என்றார். நாங்கள் மூவரும் பின்னால் சமையலறை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். கன்னிவாடிக்கு எந்தெந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோவது என்று அம்மா பேசிக்கொண்டிருந்தாள். நாற்காலி வேண்டாம் என்றாள். அங்கேதான் படுத்துத் தூங்குவேனே, அது எதுக்கு அடைசல் என்றாள்.

ஏதோ வாடை வந்தது. சாம்பிராணி வாடை இன்னும் போகவில்லை என்றார் அப்பா. பொங்கின பால் கருகியிருக்கும் என்றேன் நான். அம்மாதான் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள். இருமல் வந்துவிட்டது. வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய்ப் பார்த்தால், வெளிச்சுவரின் அடி ஓட்டைகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தகரம் காய்ந்து, கீழே பலகை கருகி, எந்த இடுக்கு வழியாகவோ கங்கு விறகின்மேல் விழுந்திருக்க வேண்டும். பள்ளத்திலிருந்து ஏறுகிற தைமாசக் காற்று அந்த ஓட்டைகள் வழியாகவே உள்ளே புகுந்து ஊதிவிட்டது. நான் முன் கதவைத் திறந்ததும் பலகை இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. கோலம் அழியாமல் அப்படியே இருந்தது.

மலையில் அப்போது தீயணைக்கிற வண்டியா, ஒன்றா? அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஊற்றிலிருந்து வாளி வாளியாக எடுத்து வந்து கொட்டினார்கள். பக்கத்து வில்பட்டி கிராமத்துக்கு வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்கள்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று ஊற்றினார்கள். மேலே ஊற்றுகிற தண்ணீர் கீழே எரிகிற விறகுக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்பா ஒரே ஒரு தடவை உள்ளே ஓடினார். என்னத்தை எடுக்கப் போனாரோ தெரியாது, வெளியே வந்தபோது அம்மாவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பேரிக்காய் மரத்தடியில் போட்டார். புகையில் தவித்துக்கொண்டு நின்ற அம்மா அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, எதிரில் கூரை உள்ளே சரிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான்கு கல் சுவரும், பின்னால் சமையலறையும், அந்த நாற்காலியும்தான் மிச்சம்.

ஜவுளிக்கடைக்காரர் சேதி கேட்டு நாலைந்து நாளில் வந்தார். மனைவியைக் கூட்டிவரவில்லை. பூவும் கொண்டுவரவில்லை. எரிந்த இடத்தை வாசலில் நின்றே பார்த்தார். அப்பா அவரிடம் கெஞ்சினார். எங்கள் அப்பா ஒருத்தரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்குப் பணம் வேண்டாம், இடத்துக்கும் மரத்துக்கும் என்ன தோன்றுகிறதோ அதைக் கொடுங்கள், அது போதும், கீழே ஒரு கூரை வாங்கிக்கொள்கிறோம், இவள் உடம்பை நீங்களே பார்க்கிறீர்களே என்றார்.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. பால் பொங்குன அன்னைக்கே வீடு போயிருச்சு. இனி இந்த மண்ணுல நாங்க கால வைக்க முடியாதுங்க. எஞ் சம்சாரம் அழுதுக்கிட்டே கெடக்கா. சாமி வேணாம்னு சொல்லிருச்சு."

எனக்கு வந்ததே கோபம். "சாமி எங்கங்க சொல்லுச்சு? ஒங்க அடுப்புதான எரிச்சுச்சு. எங்கம்மா தண்ணி கொண்டாந்தாள்ல? கையப் புடிச்சது யாருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அப்பா என்னை அதட்டினார்.  அந்த மனிதர் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். அட்வான்சைத் திருப்பிக் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் கீழே வீடு வாங்கக் காணாது. அதில்தான் சமையலறையைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி, தகரம் போட்டுக் குடியிருந்தோம். பெருந்தன்மை ஒருத்தருக்கு மூச்சைக் கொடுக்குமா?

வேறு ஆள் பார்த்தோம். சித்திரையில் சீசன் வந்தது, வாங்குகிற கூட்டமும் வந்தது. ஆனால் எங்கள் சேதி எங்களுக்கு முன்னால் ஓடியது. பால் காய்ச்சிய அன்றே எரிந்த இடமா என்று கேட்டுவிட்டு, பேரிக்காய் மரத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் போய்விடுவார்கள். சபையிலோ வேறு மாதிரி பேசினார்கள். ஜெபம் பண்ணுகிற வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்த விட்டார்கள், கர்த்தர் சும்மா விடுவாரா என்று ஒரு பெண்பிள்ளை என் காதுபடவே சொன்னாள். அந்தப் பக்கம் சாமி வேண்டாம் என்றது, இந்தப் பக்கம் கர்த்தர் தண்டித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோயாளியை மலைமேலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நான் அப்படித்தான் சொன்னேன், அந்தப் பெண்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே. அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கன்னிவாடி வீட்டுக்காரர் பங்குனியோடு விடவில்லை, வைகாசி வரைக்கும் காத்திருந்து பார்த்தார். அப்புறம் வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் என்ன செய்வார்?

அம்மாவை மட்டுமாவது அத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். என் டீச்சர் சம்பளத்தில்தான் மூன்று வயிறும் நிறைந்தது, வீடு விற்ற பணம் கையில் இல்லாமல் நான் வேலையை விட முடியாது. அம்மா கேட்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் நோயாளியாகக் கிடக்கமாட்டாளாம். "இன்னொருத்தி அடுப்படியில இருமிக்கிட்டு கெடக்கச் சொல்றியா? அதுக்கு என் அடுப்படியிலயே கெடந்துட்டுப் போறேன்" என்றாள். நான் கத்தினேன். உன் ரோஷத்தை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியுமா என்று கேட்டேன். ஒரு நாள் பூராவும் அவளோடு பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் மசியவில்லை.

ஆடியில் சாரல் தொடங்கியது. ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே எங்கள் படுக்கை, அடுப்புக்குப் பக்கத்தில் அம்மாவின் நாற்காலி. அடுப்பு எரிந்தால் புகை அம்மாவின் நெஞ்சை அடைக்கும். அணைத்தால் குளிர் அடைக்கும். மூட்டுவேன், இருமுவாள், விறகை இழுத்து அணைப்பேன், நடுங்குவாள், மறுபடி மூட்டுவேன். எனக்கு அதுதான் சோலி. அப்பா எரிந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சாம்பலைக் கிளறி ஆணி பொறுக்குவார். வளைந்த ஆணியையெல்லாம் கல்லில் வைத்து நிமிர்த்தி ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு பலகைக்குக்கூட எங்களிடம் வழியில்லை என்று அவருக்குத் தெரியாதா?

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், பொழுது விடிந்தும் விளக்கு வேண்டியிருந்தது. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. தரைக்கு அடியில் அடுக்கி வைக்க இப்போது தரை எங்கே? நான் வெள்ளனே எழுந்து ஊதி ஊதிப் பார்த்தேன். அடுப்பு எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. அம்மா மடித் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவள் அந்தச் செம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, யாரையும் நொந்துகொண்டதில்லை.

"தண்ணிய ஊத்திரு புள்ள. இங்க வேணாம்னு சொல்ல யாருமில்ல."

ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி எழுந்து அடங்கியது. கதவைத் திறந்துவிட்டேன். புகை போனது, மூடுபனி உள்ளே வந்தது. கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் இழுப்பு கேட்டது. பிறகு கேட்கவில்லை. எட்டிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, என் கைக்குக் கீழேயே மூச்சு நின்றது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டு, அம்மாவை நாற்காலியிலிருந்து தூக்கினார்கள். தூக்கி, அதில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை நீட்டிவிட்டார்கள். எனக்கு என்ன ஆயிற்றோ, தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"படுக்க வைக்காதீங்க. அவளுக்கு மூச்சு அடைக்கும்" என்றேன்.

 ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"விடு புள்ள. இனி படுத்துக்கிரட்டும்."

தலையணையை வைக்க இடம் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கன்னிவாடியில் பாயில் கிடந்த மாதிரியேதான் அம்மா கிடந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது.